வாசகர் கேள்வி-பதில்: தீர்மான வரைவோடு கூட்டத்துக்குப் போங்கள்

காலாப்பட்டில் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருக்கிறேன். அண்மையில் டீன் பொறுப்பு வந்தது. கூட்டத்தில் நான் சொல்லும் யோசனைக்கு எல்லோரும் தலையாட்டுகிறார்கள். நடவடிக்கைக் குறிப்பு வரும்போது அது இருப்பதில்லை, அல்லது வேறொருவர் பெயரில் இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, லாஸ்பேட்டை

இன்னும் உரக்கப் பேசச் சொல்லிப் பலர் உங்களுக்கு அறிவுரை தருவார்கள். அதில் பலன் குறைவு. யோசனையை வாய்மொழியாக விடாமல், நிகழ்ச்சி நிரலில் உங்கள் பெயரோடு ஒரு பொருளாக ஏற்றுங்கள்.

பொருள் அனுப்பக் கடைசி நாள் எது என்று பதிவாளர் அலுவலகப் பிரிவில் கேட்டு, அதற்குள் இரண்டு பக்கக் குறிப்பு கொடுங்கள். என்ன பிரச்சினை, எந்தச் சட்டப்பிரிவு அல்லது விதி அனுமதிக்கிறது, எவ்வளவு செலவு, வரவுசெலவில் எந்தக் கணக்குத் தலைப்பின் கீழ் வரும் என்பவை அதில் இருக்கட்டும். கடைசிப் பத்தியில் “இதை அங்கீகரிக்கலாம் எனத் தீர்மானிக்கப்பட்டது” என்று தீர்மான வரைவையும் நீங்களே எழுதிவிடுங்கள். வரைவு கையில் இருந்தால் எழுத்தர் அதையே பதிவு செய்வார்; இல்லாவிட்டால் நினைவில் நின்ற குரலைப் பதிவு செய்வார்.

பெரும்பாலான கோப்புகள் திரும்பி வருவது கணக்குத் தலைப்பில்தான். “நிதி ஒதுக்கீடு இல்லை” என்ற ஒற்றை வரி போதும், ஓராண்டு போய்விடும். ஆகவே கூட்டத்துக்கு முன்பே நிதி அலுவலரைப் பார்த்து, இந்த ஆண்டின் திருத்திய மதிப்பீட்டில் இடம் உண்டா, அடுத்த ஆண்டு வரவுசெலவில் சேர்க்க வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். தலைவர் அனுமதியுடன் கடைசியில் எடுக்கும் பொருளாக மட்டும் உங்களுடையதை விடாதீர்கள். அதற்குள் பாதிப் பேர் எழுந்திருப்பார்கள்.

வரைவு நடவடிக்கைக் குறிப்பு சுற்றுக்கு வந்ததும் வரிவரியாகப் படியுங்கள். பிழை இருந்தால், அடுத்த கூட்டம் அதை உறுதி செய்வதற்கு முன் எழுத்தில் திருத்தம் கேளுங்கள். உறுதியான பிறகு மாற்றுவது மிகக் கடினம். இதைக் குற்றச்சாட்டாக எழுத வேண்டாம். “பொருள் எண் 7-இல் இவ்வாறு சேர்க்க வேண்டுகிறேன்” என்ற நடை போதும்.

அதே வாசகி: பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார் குழுவுக்கும் நானே தலைவர். இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாமா?

கூடாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிகளின்படி துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத் தலைவர் போன்ற நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் அக்குழுவில் உறுப்பினராகவே இருக்க முடியாது. குழு சுதந்திரமாக இயங்கத்தான் இந்த விதி. நீங்கள் நீடித்தால் குழு அமைந்த விதமே கேள்விக்குள்ளாகும். அதனால் பாதிக்கப்படுபவர் புகார் கொடுத்த பெண். இன்றே எழுத்தில் விலகி, வேறொரு மூத்த பெண் பேராசிரியரை நியமிக்கக் கேளுங்கள்.

சிதம்பரத்தில் இணைப் பேராசிரியராக இருக்கிறேன். பதிவாளராகவோ துணைவேந்தராகவோ வர விரும்புகிறேன். எந்தப் பயிற்சிக்குப் போகலாம்?
– வாசகி, சிதம்பரம்

பயிற்சிகள் உண்டு. உயர்கல்வித் தலைமைக்கென 2018-இல் தொடங்கிய ‘லீப்’ திட்டம் உள்நாட்டில் இரண்டு வாரம், வெளிநாட்டில் ஒரு வாரம் என வகுக்கப்பட்டது. 2023 முதல் மாளவியா மிஷன் மையங்கள் ஆசிரியர் பயிற்சி தருகின்றன. கிடைத்தால் போய் வாருங்கள். ஆனால் உங்கள் வழியில் நிற்பது பெரும்பாலும் தேதிகள்.

மானியக் குழுவின் 2018 விதிகளின்படி துணைவேந்தருக்குப் பேராசிரியராகப் பத்தாண்டு அனுபவம் வேண்டும்; அல்லது பெயர்பெற்ற ஆய்வு அல்லது கல்வி நிர்வாக நிறுவனத்தில் பத்தாண்டு அனுபவம் வேண்டும். (2025 ஜனவரியில் வந்த புதிய விதிகளின் வரைவு இந்தத் தகுதிகளை மாற்ற முனைகிறது. விண்ணப்பிக்கும் நாளில் எது நடைமுறையில் உள்ளது, உங்கள் பல்கலைக்கழகச் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.) ஆக, உங்களைப் போல் ஆசிரியர் பணி வழியே வருபவருக்குப் பேராசிரியர் பதவி உயர்வு இரண்டாண்டு தள்ளினால் துணைவேந்தர் தகுதியும் இரண்டாண்டு தள்ளும். பிள்ளையின் பொதுத்தேர்வு, மாமியார் மருத்துவம் என்று பதவி உயர்வு விண்ணப்பத்தைத் தள்ளிப்போடும் பெண்களை நாங்கள் வருத்தத்தோடு பார்க்கிறோம். தகுதி நாளுக்கு, அதாவது பதவி உயர்வுக்கான தகுதிகள் நிறையும் நாளுக்கு, முந்தைய மூன்று மாதத்துக்குள்ளேயே விண்ணப்பிக்கலாம். உரிய காலத்தில் விண்ணப்பித்துத் தேர்வானால், தகுதி நாளிலிருந்தே பதவி உயர்வு கணக்காகும்.

பதிவாளர் பதவிக்குக் கற்பித்தல் அனுபவத்தோடு கல்வி நிர்வாக அனுபவமும் கேட்பார்கள். அதைக் காட்டுவது ஆணைகள்தான். தேர்வுப் பிரிவில் ‘உதவியாக’ மூன்றாண்டு உழைத்தும் ஒரு ஆணை கூட இல்லாதவர் நிலை பரிதாபம். பொறுப்பேற்ற ஆணை, விடுவிப்பு ஆணை இரண்டின் நகலையும் வைத்திருங்கள்.

குழுக்களையும் தேர்ந்து ஏற்றுக்கொள்ளுங்கள். கலைவிழா, வரவேற்பு, விடுதி ஆகியவை பெண்களிடம் தானாக வந்து சேரும். நிதி, கட்டடம், கொள்முதல், தேர்வு ஆகியவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். ஒன்றை ஏற்கும்போது, “இதை ஏற்கிறேன், கொள்முதல் குழுவிலும் சேர்க்க வேண்டுகிறேன்” என்று கடிதமே கொடுங்கள்.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போய்வருகிறேன். கூட்டங்கள் இரவு ஏழு வரை நீள்கின்றன.
– வாசகி, மஞ்சக்குப்பம்

உங்களுக்கு மட்டும் சலுகை கேட்க வேண்டாம். முடிவெடுக்க வேண்டிய பொருள்கள் நிரலில் முதலில் வரட்டும், தகவலுக்கானவை பின்னால் போகட்டும், முடியும் நேரமும் அச்சிடப்படட்டும் என்று எல்லோருக்குமான நடைமுறையாக முன்வையுங்கள். தொலைவிலிருந்து வரும் ஆண் ஆசிரியர்களும் உங்களோடு கையெழுத்திடுவார்கள்.