நாரை குவிந்தால் வரப்புப் புல்லின் பலனா? கேள்வி பதில்

வயலில் செய்யும் மண், நீர்ப் பாதுகாப்பு வேலைகளால் மீனுக்கும் பறவைக்கும் உண்மையில் நன்மை உண்டா, அதை எப்படி அளப்பது என்று இராமநாதபுரம் கடலோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கடலாடிப் பக்கத்து மிளகாய் விவசாயி: வரப்பில் புல் வளர்த்தோம், வரத்துக்கால் ஓரம் வெட்டிவேர் நட்டோம், பூச்சிமருந்தைக் குறைத்து வேப்பங்கொட்டைக் கரைசலுக்கு மாறினோம். இந்தப் பங்குனியில் கண்மாயில் நாரைகள் குவிந்துவிட்டன. எங்கள் உழைப்பின் பலன் என்று ஊர்க்கூட்டத்தில் சொல்லலாமா ஐயா?

பொறுங்கள். நீங்கள் செய்தது நல்ல வேலை. ஆனால் நாரைக் கூட்டம் அதற்குச் சாட்சி ஆகாது. சங்குவளை நாரை பெரும்பாலும் கண்ணால் தேடி மீன் பிடிப்பதில்லை. ஆழமற்ற நீரில் அலகைச் சற்றுத் திறந்து அமிழ்த்தி, இப்படியும் அப்படியும் வீசிக்கொண்டே நடக்கும். மீன் உரசியதும் அலகு மூடிக்கொள்ளும். ஆகவே மீன் நெருங்கிக் கிடக்கும் இடமே அதற்குத் தோது. பங்குனியில் நீர் வற்றி, மீனெல்லாம் பள்ளத்தில் அடைபடும்போது நாரை தானாக வந்து சேரும். பராமரிப்பே இல்லாத கண்மாயிலும் இது நடக்கும்.

அடுத்தது மழை. 2015 வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் கொட்டித் தீர்த்தது. 2016-இல் அது இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2015 மழைக்காலம் முடிந்து பறவைகளை எண்ணிவிட்டு, இடையில் வரப்பைச் சீர்செய்து, 2016 மழைக்காலம் முடிந்து மறுபடி எண்ணியவருக்கு, வரப்பைச் சீர்செய்ததால் பறவைகள் போய்விட்டன என்றே கணக்கு வந்திருக்கும். நம் சீமையில் மழையைக் கழித்த பிறகு மிஞ்சுவதே வரப்பின் பங்கு. அப்படிக் கழிக்க வேண்டுமானால், வேலை நடக்காத இன்னொரு கண்மாயையும் அதே ஆண்டுகளில் அதே முறையில் அளந்தாக வேண்டும். வேலை தொடங்குவதற்கு முன்பே இரண்டையும் அளந்திருக்க வேண்டும். உங்கள் ஊரில் அந்த முன்கணக்கு இல்லை என்றால், இன்னும் வேலை தொடங்காத அடுத்த ஆயக்கட்டில் (கண்மாய்ப் பாசனப் பரப்பில்) இப்போதே எண்ணத் தொடங்குங்கள்.

பரமக்குடி கல்லூரி மாணவி: ஒப்பீட்டுக் கண்மாயை எப்படித் தேர்ந்தெடுப்பது? அடுத்துள்ள கண்மாய் போதுமா?

அடுத்திருந்தால் மட்டும் போதாது அம்மா. நம் கண்மாய்கள் சங்கிலித் தொடர். மேல் கண்மாய் நிரம்பினால் கலுங்கு வழியாக உபரிநீர் கீழ்க் கண்மாய்க்குப் போகும். மேலே செய்த வேலையின் பலனும் கூடவே இறங்கிவிடும். ஆகவே ஒப்பீட்டுக் கண்மாய் வேறு தொடரில் இருக்க வேண்டும். மழை, மண், பரப்பு, சாகுபடி ஆகியவை ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். ஒன்றுக்கு மூன்றாகக் கிடைத்தால் இன்னும் நல்லது.

அதே மாணவி: எதை எண்ணுவது? பறவையா, மீனா?

இரண்டுக்கும் முன்னால் புழு பூச்சிகளை எண்ணுங்கள். பறவை பறந்து வரும், பறந்து போகும். கரையோரப் பூச்சி அங்கேயே பிறந்து வளர்வது. கோரை முளைத்த கரையோரத்தில் கணுக்கால் நீரில் நின்று, மாவு சலிக்கும் சல்லடையைக் கோரையடியில் ஓட்டி எடுங்கள். வெள்ளைத் தட்டில் நீர் ஊற்றிக் கவிழ்த்தால் அரை நிமிடத்தில் தட்டு நெளியத் தொடங்கும். தட்டானின் இளம்புழுக்கள், நீர்வண்டுகள், நத்தைக் குஞ்சுகள் என்று பல வகையும் இருந்தால் நல்ல அறிகுறி. சிவப்பாக நூல்போல் நெளியும் புழு மட்டுமே இருந்தால், சேற்றில் ஆக்சிஜன் குறைந்திருக்கக்கூடும். ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே எண்ணிக்கையில் சல்லடை வீச்சு.

பறவைக் கணக்குக்கும் இதே ஒழுங்குதான்: குறித்த இடம், விடிந்ததும் குறித்த நேரம். நீர்மட்டத்தையும் கட்டாயம் எழுதுங்கள். 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அது நடக்கும் நாட்களிலும் ஒருமுறை எண்ணினால் உங்கள் கணக்கை மற்ற ஊர்களோடு ஒப்பிடலாம்.

கண்மாய் மீன்பாசி குத்தகைதாரர்: மீன் எடை கூடினால் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றுதானே பொருள்?

இல்லை ஐயா. நீங்கள் விட்ட கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளின் எடை, நீங்கள் விட்ட கணக்கைத்தான் காட்டும். ஜிலேபி பெருகினாலும் மொத்த எடை ஏறும்; அது கெட்ட நீரிலும் தாக்குப்பிடிக்கும் மீன். யாரும் விடாமல் தானாக வரும் அயிரை, கெளுத்தி, குரவை, விரால் இவற்றைத் தனித்தனியே எண்ணுங்கள். ஒரே கண்ணி அளவுள்ள வலை, ஒரே நேர அளவு. வலை மாறினால் பழைய கணக்கோடு சேர்க்காதீர்கள்.

முதுகுளத்தூர் ஊராட்சி உறுப்பினர்: சீமைக்கருவேலத்தை அடியோடு அகற்றுவது பறவைகளுக்கு நல்லதுதானே?

வரத்துக்காலிலும் மடையிலும் அகற்றுங்கள், நீர் வரும். கூடு கட்டும் மரங்கள் வேறு கதை. நம் மாவட்டப் பறவைகள் சரணாலயங்களான சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்தவை. அங்கே நாரைகள் கருவேல மரங்களில் கூடு கட்டுகின்றன. எந்த மரத்தில் எத்தனை கூடு என்று ஒரு பருவம் முழுக்கப் பார்த்துவிட்டுப் பிறகு கோடரியை எடுங்கள். நாட்டுக்கருவேலம் வளர்ந்து கிளை விரிக்கும்வரை கூடுள்ள மரத்தைத் தொட வேண்டாம்.

தொண்டி வாசகர்: பண்ணைக்குட்டை எத்தனை வெட்டினாலும் நன்மைதானா?

இல்லை. குட்டையில் தங்கும் நீர் கண்மாய்க்கு வராத நீர். குட்டையில் தவளை கூடியதை மட்டும் எழுதி, கண்மாய் நீர்மட்டம் குறைந்ததை விட்டுவிட்டால் அது பாதிக் கணக்கு.

மூக்கையூர் மீனவர்: மேலே விவசாயிகள் உரத்தைக் குறைத்தால் எங்களுக்கு மீன் கூடுமா அண்ணே?

தம்பி, அப்படி உறுதி கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. குண்டாறு மழை நாட்களில் மட்டுமே கடலைத் தொடுகிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளங்கள் 2010-லும் 2016-லும் கடல் சூடேறி வெளுத்தன. அதில் வயலுக்குப் பங்கில்லை. இழுவை வலையின் தாக்கம் வேறு. இத்தனைக்கும் நடுவில் உரத்தின் பங்கைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம். முகத்துவாரத்தில் முதல் வெள்ளம் வரும் நாளில் கலங்கலை அளக்கலாம். கறுப்பு வெள்ளை அடித்த தகரத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் மறைகிறது என்று குறியுங்கள். கடல்புல்லுக்கு வெளிச்சம் வேண்டும். கலங்கல் குறைந்தால் புல்லுக்கு நல்லது என்ற அளவுக்கு நம்பிக்கையோடு பேசலாம்.

திருவாடானை விவசாயி: மண் அரிப்பு குறைந்ததை அளந்துவிட்டோம். அதுவே போதாதா?

மண்ணுக்குப் போதும். அமெரிக்க வேளாண் துறை 2003-இல் இதே கேள்வியோடு பாதுகாப்புப் பலன் மதிப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது, பயிர்நிலம், மேய்ச்சல் நிலம், ஈரநிலம், வனவிலங்கு எனப் பிரிவு பிரிவாகவே ஆய்வு செய்தது. வண்டல் குறைந்த இடத்தில் மீன் கூடியிருக்கிறதா என்பதை மீனை எண்ணித்தான் அறிய முடியும். உங்களுக்கு இனி வேண்டியது சல்லடையும் வலையும். புரட்டாசிக்குள், விதைப்பு மழைக்கு முன்பே முதல் கணக்கை எடுத்துவிடுங்கள்.