பால் மட்டும் குடிக்கும் கன்றுக்குக் குடற்புழு எப்படி வரும்?

புல்லே கடிக்காத ஒரு மாதக் கன்றின் சாணத்தில் நீளமான வெள்ளைப் புழு வருகிறதே, எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் தாய்ப்பால் வழியாகத்தான்.

டாக்ஸோகாரா விட்டுலோரம் என்ற உருளைப்புழு, தாய்மாட்டின் திசுக்களில் இளம்புழுவாக அடங்கிக் கிடக்கும். மாட்டைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கன்று ஈனும் சமயத்தில் அவை மடிக்கு நகர்ந்து, சீம்பாலிலும் பிறகு பாலிலும் கலந்து கன்றின் குடலுக்குப் போகும். அங்கே 3, 4 வாரத்தில் வளர்ந்து முட்டையிடத் தொடங்கும்.

அதற்காகச் சீம்பாலை நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. கன்றுக்கு நோய் எதிர்ப்பாற்றல் கிடைப்பதே அதிலிருந்துதான். அடுத்த கன்றுக்கு, பிறந்த 10 முதல் 16 நாளுக்குள் புழுமருந்து கொடுங்கள். முட்டையிடும் முன்பே புழு அழிந்துவிடும், தொழுவமும் அசுத்தமாகாது.

இப்போதுள்ள கன்றுக்குக் கழிச்சல், வயிறு உப்பல், மெலிவு இருந்தால் காத்திருக்க வேண்டாம். புழுக்கள் திரண்டு குடலையே அடைத்துவிடும், கன்று இறக்கவும் கூடும். எந்த மருந்து, எவ்வளவு என்பதைக் கன்றின் எடையைப் பார்த்துக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். குத்துமதிப்பாகக் குறைத்துக் கொடுத்தால் நாளடைவில் புழுக்கள் மருந்தைத் தாங்கப் பழகிவிடும். அப்புறம், கன்றின் சாணத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள். முட்டைகள் மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும்.