இரட்டைக் குடியுரிமை உள்ளவரை ஒரு நாடு சிறையில் போட்டால், இன்னொரு நாடு மீட்குமா?

மீட்கும். ஆனால் பாஸ்போர்ட்டைக் காட்டி மீட்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ஒருவர் எந்த நாட்டின் குடிமகனோ, அந்த நாட்டுக்கு எதிராகவே அவருடைய இன்னொரு நாடு ராஜதந்திரப் பாதுகாப்பு (அதாவது, தன் குடிமகனுக்காக ஒரு நாடு இன்னொரு நாட்டோடு அதிகாரபூர்வமாக வழக்காடுவது) தரக்கூடாது என்கிறது 1930ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை. ஈரான் இரட்டைக் குடியுரிமையையே ஏற்பதில்லை.

நான் வருடக்கணக்காகக் கவனித்து வந்தது பிரிட்டன், ஈரான் இரண்டின் குடிமகளான நசனின் சகாரி-ராட்க்ளிஃப் வழக்கை. 2016 ஏப்ரலில் பெற்றோரைப் பார்த்துவிட்டு லண்டன் திரும்பும்போது தெஹ்ரான் விமான நிலையத்தில் பிடித்தார்கள். கூடவே 22 மாதக் குழந்தை. ஐந்து வருடத் தண்டனை. 2017இல் பிரிட்டனின் அப்போதைய வெளியுறவு அமைச்சர் போரிஸ் ஜான்சன், அந்தப் பெண் அங்கே இதழியல் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தார் என்று நாடாளுமன்றக் குழு முன் உளறிவைத்தார். விடுமுறைக்குப் போனவர் அவர்! சில நாளிலேயே ஈரான் நீதிமன்றம் அவரைக் கூப்பிட்டு, அந்தப் பேச்சையே அவருக்கு எதிராக எடுத்துக் காட்டியது. வாயை மூடியிருப்பதும் அரசு முயற்சியில் ஒரு பாதி.

2019இல் பிரிட்டன் அரிதாகவே தரும் ராஜதந்திரப் பாதுகாப்பை அறிவித்தது. ஈரான் கண்டுகொள்ளவில்லை. 2020இல் கொரோனா நேரத்தில் வெளியே விட்டார்கள். ஆனால் காலில் மின்னணுப் பட்டை, பெற்றோர் வீட்டிலிருந்து 300 மீட்டர் தாண்டக்கூடாது. 2021இல் கணவர் லண்டனில் வெளியுறவு அலுவலக வாசலில் கூடாரம் போட்டு 21 நாள் பட்டினி கிடந்தார்.

சரி, கடைசியில் எது கதவைத் திறந்தது? பழைய பாக்கி. மன்னர் ஷா ஆண்ட காலத்தில் ஈரான் பிரிட்டனிடம் பீரங்கி வண்டிகளுக்கு முன்பணம் கட்டியிருந்தது. 1979 புரட்சிக்குப் பிறகு பிரிட்டன் வண்டியையும் முழுதாகத் தரவில்லை, பணத்தையும் திருப்பவில்லை. 2022 மார்ச்சில் 39.38 கோடி பவுண்டு கைமாறியது. மார்ச் 16 அன்று நசனின் ஓமன் வழியாக ஊருக்குக் கிளம்பினார். இரண்டும் வேறு வேறு விஷயம் என்பதுதான் அரசின் பேச்சு. நம்புகிறவர்கள் நம்பட்டும். பிணைத்தொகை கொடுத்தால் அடுத்த ஆளைப் பிடிப்பார்கள் என்ற பயம் நியாயமானதே. ஆனால் இது பிணைத்தொகை இல்லை, வாங்கிய காசு. முதல் வருடமே கட்டியிருக்கலாம்.

அப்போதும் எல்லோரும் வரவில்லை. பிரிட்டன், அமெரிக்கா, ஈரான் என மூன்று குடியுரிமை வைத்திருந்த மொராத் தஹ்பாஸ் அங்கேயே மாட்டிக்கொண்டார். 2023 செப்டம்பரில் அமெரிக்கா பேசித்தான் அவரை வெளியே கொண்டு வந்தது.

இன்னொன்று. விமானம் ஏறும் முன், செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வைத்தார்கள் என்று நசனின் பின்னர் சொன்னார். அப்போது பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரும் பக்கத்தில்தான் இருந்தாராம்.