எப்படித் தெரியும்?

அன்புள்ள ஐயா,

தமிழ்நாட்டுக்கு வெளியே ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. வரலாறு மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம். ஆறாவது செமஸ்டரோடு பட்டத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம், இல்லையென்றால் நான்காம் ஆண்டும் இருந்து ‘ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ்’ முடிக்கலாம். 75 சதவீதத்துக்கு மேல் இருப்பதால் எனக்குத் தகுதி உண்டு. ஆனர்ஸ் என்றால் ஒரு வெயிட் இருக்கும் என்கிறார்கள். அண்ணன், ஒரு வருஷம் வீண், வந்து பி.எட். சேர் என்கிறான். தோழிகளில் பாதிப் பேர் கிளம்புகிறார்கள். எனக்கு எதில் ஆர்வம் என்றும் இன்னும் தெளிவாகத் தெரியவில்லை. அம்மா ஏழு வயதில் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் ஏறியவர், இன்றைக்கும் அவர் சம்பாத்தியத்தில்தான் படிக்கிறேன், அதனால் சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டும் என்றும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

செ.

அன்புள்ள செ.,

உனக்கு என் மகள் வயதுதான் இருக்கும், அதனால் நீ என்றே எழுதுகிறேன். போன வாரம் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது என்னுடைய பழைய எம்.ஏ. ஆய்வேடு கையில் சிக்கியது. அதை வைத்துக்கொண்டு நாலு நாளாக ஒரே யோசனை. அந்த நேரத்தில் உன் கடிதம் வந்தது.

கணக்கை முதலில் முடித்துவிடுவோம். 2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகத்தின்படி மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட், நான்காண்டுக்கு 160. மூன்றாண்டோடு வந்தால் எம்.ஏ. இரண்டு வருஷம், நான்காண்டு முடித்தால் எம்.ஏ. ஒரு வருஷம், எப்படிக் கூட்டினாலும் ஐந்து. ஆனால் ஓராண்டு எம்.ஏ. எல்லா இடத்திலும் கிடையாது. தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்து எம்.ஏ. படிக்கிற எண்ணம் இருந்தால், சேர நினைக்கிற இடத்துக்கு இப்போதே போன் போட்டுக் கேள், இல்லாவிட்டால் ஐந்து ஆறாகிவிடும். நான்காண்டுப் பட்டத்தில் 75 சதவீதம் இருந்தால் எம்.ஏ. இல்லாமலே கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் எழுதலாம், பி.எச்டி.க்கும் விண்ணப்பிக்கலாம். பள்ளிக்கூட ஆசிரியர் ஆவதென்றால் பி.எட். சேர மூன்றாண்டுப் பட்டமே போதும், அந்த வகையில் அண்ணன் சொல்வது தப்பில்லை. தோழிகள் கிளம்புவதெல்லாம் ஒரு காரணமா? அதை விடு.

‘வெயிட்’ என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. நல்ல பெண், நன்றாகப் படிக்கிற பெண், ஒரு வருஷத்தைக் கொடுக்கலாமா என்று யோசிக்கும்போது காகிதத்தில் அச்சாகப்போகும் சொல்லின் கனத்தையா பார்ப்பது? அந்த 160 கிரெடிட்டில் ஆய்வேட்டுக்கு உள்ளது 12. மற்றதில் பெரும்பகுதி வழக்கமான வகுப்பு, வழக்கமான தேர்வு. நான்காம் ஆண்டில் புதிதாக உனக்குக் கிடைக்கக்கூடியது அந்த 12 மட்டும்தான், அதுவும் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

எதில் ஆர்வம் என்று தெரியவில்லை என்பதற்காகக் கவலைப்படாதே. வானியற்பியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.எஸ்ஸி. ஆனர்ஸ் சேர்ந்தபோது அவர் ஆசைப்பட்டது கணிதம், எடுத்தது அப்பா பேச்சுக்காக இயற்பியல். 1928இல் ஜெர்மனியிலிருந்து சோமர்ஃபெல்ட் என்ற பெரிய இயற்பியலாளர் அந்தக் கல்லூரிக்குப் பேச வந்தார். அவருடைய புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்த இந்தப் பையன், அவர் தங்கியிருந்த இடத்துக்கே போய் அவரைப் பார்த்தான். நீ படித்ததெல்லாம் பழசாகிவிட்டது, இயற்பியலே மாறிவிட்டது என்று சொல்லி, இன்னும் வெளிவராத தன் கட்டுரையின் அச்சுப்படியைக் கையில் கொடுத்து அனுப்பினார் அவர். அடுத்த வருஷமே, இன்னும் ஆனர்ஸ் மாணவனாக இருக்கும்போதே, இவன் எழுதிய கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. பின்னாளில் வந்த நோபலை விடு, எனக்கு முக்கியம் அந்தச் சந்திப்புதான். உனக்குத் தெரியும் என்று நீ நினைப்பது தெரிந்தது அல்ல என்று ஒரு பெரியவர் நேருக்கு நேராகச் சொல்கிறார், சொல்லிவிட்டு வெறுங்கையோடும் அனுப்பவில்லை.

எனக்கு அப்படி ஒருவர் கிடைத்தார், ஆனால் அவர் என் கைடு இல்லை. 1991இல், சாத்தூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்க் கண்மாயைப் பற்றி ஆய்வேடு எழுதினேன். கைடு கையெழுத்துப் போடவேண்டிய பக்கத்தை மட்டும் புரட்டிக் கையெழுத்துப் போட்டார், வேறு ஒரு தாளையும் திறக்கவில்லை. அந்த மனிதர்மேல் இன்றைக்கும் எனக்கு வருத்தம் தீரவில்லை. அன்றைக்குச் சாயந்திரம் பஸ் ஸ்டாப்பில், பொருளாதாரத் துறையில் இருந்த வேறொரு ஆசிரியர் என் மடியில் இருந்த கட்டைப் பார்த்து, குடு, பாத்துட்டுத் தர்றேன் என்று வாங்கி, காய்கறி இருந்த ஒயர் கூடையில் வைத்துக்கொண்டு போனார். மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்தபோது ஓரமெல்லாம் பென்சில் எழுத்து, உளுந்து உளுந்தாக. ‘எங்கள் கண்மாய் வற்றியதே இல்லை’ என்று நான் எழுதியிருந்த வரிக்குப் பக்கத்தில் ‘எப்படித் தெரியும்?’ ‘மக்கள் ஒற்றுமையாக மராமத்துச் செய்தனர்’, அதற்கும் ‘எப்படித் தெரியும்?’ இப்படி நாற்பது இடத்துக்கு மேல். கண்மாய் வற்றாததை எனக்குச் சொன்னது என் தாத்தா. தாத்தா பொய் சொல்லமாட்டார் என்று அந்த ஆசிரியரிடம் கோபமாகவே சொன்னேன். பொய்யின்னு நான் சொல்லலியே, எப்படித் தெரியும்னுதானே கேட்டேன் என்றார்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் நான்கு நாள் உட்கார்ந்தேன். துணியில் கட்டிய கட்டுகள், ஓரம் அப்பளம் மாதிரி நொறுங்கும் தாள், விரல் நுனியெல்லாம் பழுப்புத் தூள். அங்கே எனக்கு வேண்டியது அகப்படவில்லை. அப்புறம் தாலுகா ஆபீஸ் ரெக்கார்டு ரூமில் இரண்டு நாள் கெஞ்சிப் பார்த்த பழைய கிராமக் கணக்கில் இருந்தது: அடுத்தடுத்து மூன்று பசலிக்கு (வருவாய்த் துறையின் கணக்கு வருஷம்) எங்கள் ஊர் நஞ்சையில் ஒரு பகுதிக்கு வரித் தள்ளுபடி, காரணம் தண்ணீர் இல்லை, விளைச்சல் இல்லை. சர்வே நம்பர்களை எழுதிக்கொண்டு ஊருக்குப் போய் ஒவ்வொரு வயலாக நடந்து பார்த்தேன். எல்லாம் கடைமடை, தண்ணீர் கடைசியாக வந்து சேரும் வயல்கள். எங்கள் தாத்தாவின் வயல் மடைக்கு அடுத்தது. தாத்தா பொய் சொல்லவில்லை, அவர் வயலில் நின்று பார்த்தால் கண்மாய் வற்றவே இல்லைதான். கடைமடைக்காரர்கள் வேறு தெரு. அந்தத் தெருவுக்குள் நான் அதுவரை போனதில்லை, அங்கே யாரிடமும் ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை.

ஆய்வேட்டை மறுபடி டைப் அடிக்கக் கையில் காசு இல்லை, பழையதையே கொடுத்து முதல் வகுப்பும் வாங்கினேன். பரணில் கிடைத்தது அந்தப் பென்சில் எழுதிய பிரதி. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் உன் கடிதத்தைப் படித்தேன், உன் கடைசி வரிக்கு முந்தின வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். ‘அம்மா ஏழு வயதில் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் ஏறியவர்’ என்று எழுதிவிட்டு ஒரு கமா போட்டு அடுத்த விஷயத்துக்குப் போகிறாயே, எப்படி மனசு வந்தது? மூன்று வருஷம் வரலாறு படித்திருக்கிறாய், வரலாறு என்பது வேறு யாருக்கோ நடந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாயா? விடியுமுன் ஊர் ஊராக வந்து பிள்ளைகளைத் தீப்பெட்டி வேலைக்கு ஏற்றிப்போன பஸ்கள் உங்கள் வட்டாரத்தில் எத்தனை, 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்த பிறகு அதில் எந்தப் பஸ் நின்றது, எந்த வேலை பட்டறையை விட்டு வீட்டுத் திண்ணைக்கு வந்தது, கணக்குப்பிள்ளை நோட்டுகள் யார் வீட்டில் கிடக்கின்றன, இதையெல்லாம் நீ கேட்காமல் யார் கேட்பார்கள்?

அதற்காக அம்மாவின் கண்ணீரை எழுதி ஆய்வேடு என்று கொடுத்துவிடாதே. அம்மா சொல்வது அந்தப் பஸ்ஸில் அவர் உட்கார்ந்த சீட்டிலிருந்து தெரிந்தது. டிரைவரிடமும் கேட்க வேண்டும், ஆபீஸ் முதலாளி வீட்டிலும் கேட்க வேண்டும், பஸ் ஏறாமல் பள்ளிக்கூடம் போன பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமும் கேட்க வேண்டும்.

வீட்டில் உண்மையிலேயே பணக் கஷ்டம் என்றால் மூன்றாண்டோடு வா, வேலைக்குப் போ, அதில் ஒரு குறையும் இல்லை, இந்தக் கேள்வி உன் கூடவே வரும். ஆனால் அம்மா அப்படிச் சொன்னாரா, நீயாக நினைத்துக்கொண்டாயா? உன் கடிதத்தில் ‘என்றும் இருக்கிறது’ என்றுதான் எழுதியிருக்கிறாய், அம்மா சொன்னதாக இல்லை. எப்படித் தெரியும்?

இந்த வாரம் இரண்டு வேலை செய். துறையில் ஏற்கெனவே ஆய்வேடு எழுதியவர்கள் யாராவது இருந்தால், ஆசிரியர் திருத்திக் கொடுத்த பிரதியைக் காட்டச் சொல். இறுதிப் பிரதி வேண்டாம், திருத்திய பிரதி. ஓரத்தில் ஒரு எழுத்தும் இல்லையென்றால் அந்த ஆசிரியரிடம் போகாதே. ஓரமெல்லாம் கிறுக்கியிருக்கிறார் என்றால், முறைத்துப் பேசுகிறவராக இருந்தாலும் அவரிடமே போய் நில். அப்படி ஒருவரும் அங்கே இல்லையென்றால் உன் ஒரு வருஷத்தை அந்தக் கட்டடத்துக்குக் கொடுக்காதே.

அப்புறம் ராத்திரி அம்மாவுக்குப் போன் செய். பஸ் எத்தனை மணிக்கு வரும், உட்கார இடம் இருக்குமா, வாரக் கூலியை யார் கையில் கொடுப்பார்கள் என்று கேள். அவர் சொல்கிற சொல்லிலேயே எழுதி எனக்கு அனுப்பு. ஓரத்தில் பென்சிலால் எழுதித் திருப்பி அனுப்புகிறேன்.