சீரத்தில் இம்யூன் காம்ப்ளெக்ஸ்: கேள்வி பதில்

கேள்வி: பிஇஜி (பாலிஎத்திலீன் கிளைக்கால்) சேர்த்ததும் சீரம் கலங்கினால் இம்யூன் காம்ப்ளெக்ஸ், அதாவது ஆன்டிபாடியும் ஆன்டிஜெனும் பிணைந்த கூட்டு, இருக்கிறது என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். பிஇஜி 6000 பெரிய மூலக்கூறுகளைக் கரைசலிலிருந்து தள்ளிவிடும், அவ்வளவுதான். செறிவைக் கூட்டினால் எதோடும் பிணையாத தனி ஐஜிஜியும் (ரத்தத்தின் முக்கிய ஆன்டிபாடி) சேர்ந்து இறங்கும். படிவைக் கழுவிக் கரைத்து, அதில் ஐஜிஜியும் சி3யும் (காம்ப்ளிமென்ட் எனும் ரத்தப் புரதங்களில் ஒன்று) எவ்வளவு என்று அளந்த பிறகு பேசலாம்.

கேள்வி: காலில் சிவப்புப் புள்ளிகள், சி4 (இன்னொரு காம்ப்ளிமென்ட் புரதம்) மிகக் குறைவு. ஆனால் கிரையோகுளோபுலின் (குளிரில் படிந்து, சூட்டில் கரையும் ஆன்டிபாடி; சுருக்கமாக கிரையோ) நெகட்டிவ். எதை நம்புவது?

நோயாளியை நம்புங்கள். ரத்தம் எடுத்த டியூப் லேபுக்கு எப்படி வந்தது என்று முதலில் விசாரியுங்கள். உறையும்போதே சூடு தணிந்துவிட்டால் கிரையோ படிந்து, உறைகட்டியோடு போய்விடும். மிஞ்சும் சீரத்தில் தேடிப் பயனில்லை. டியூபை முன்கூட்டியே 37 டிகிரிக்குச் சூடாக்குங்கள். உறைவதும் சென்ட்ரிஃபியூஜில் சுற்றுவதும் அதே சூட்டில்தான். பிரித்த சீரத்தை 4 டிகிரியில் 7 நாள் வரை வைத்து தினமும் பாருங்கள். முதல் வகை (ஒரே வகை ஆன்டிபாடி மட்டும் கொண்டது) ஒரே நாளில் இறங்கலாம். கலப்பு வகை (ஐஜிஜியும் அதைப் பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடியும் சேர்ந்தது) பல நாள் எடுக்கும், அடியில் மெல்லிய வெண்படலமாகத்தான் தெரியும். அதில் கொஞ்சம் எடுத்து மறுபடி 37க்குக் கொண்டுவாருங்கள். கரைந்தால்தான் அது கிரையோ.

கேள்வி: பிளாஸ்மாவில் (உறையவிடாத ரத்தத்தின் நீர்ப்பகுதியில்) கிரையோ பார்க்கலாமா?

கூடாது. ரத்தம் உறையக் காரணமான ஃபைப்ரினோஜெனும் படிந்து குழப்பும்.

கேள்வி: லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) நோயாளிக்கு சி1க்யூ எலைசா (காம்ப்ளெக்ஸைப் பிடிக்கும் காம்ப்ளிமென்ட் புரதமான சி1க்யூவைப் பிளேட்டில் பூசிச் செய்யும் சோதனை) பாசிட்டிவ். காம்ப்ளெக்ஸ்தானே?

சி1க்யூவுக்கு எதிரான ஆன்டிபாடியாகவும் இருக்கலாம். லூபஸில் அது சாதாரணம். 1 மோலார் உப்பில் திரும்பச் செய்யுங்கள். காம்ப்ளெக்ஸின் பிடி விட்டுவிடும், அந்த ஆன்டிபாடி விடாது.

கேள்வி: சீரத்தை 56 டிகிரியில் 30 நிமிடம் வைத்தால்தானே அதிலுள்ள சி1க்யூ, சோதனைக்கு நாம் வைக்கும் சி1க்யூவோடு போட்டிக்கு வராது?

சி1க்யூ செயலிழக்கும், சரி. கூடவே ஐஜிஜி திரண்டுவிடும். இந்தச் சோதனைகளுக்கு ஸ்டாண்டர்டு எப்படித் தயாரிக்கிறோம்? ஐஜிஜியை 63 டிகிரியில் சூடாக்கித்தான்! தேடும் பொருளை நாமே உண்டாக்கிவிட்டு எதை அளப்பது?

கேள்வி: நான்தான் மறுபடி. எங்கள் லேபில் எப்போதும் சூடாக்குகிறோம், கண்ட்ரோல் சரியாகவே வருகிறது.

கண்ட்ரோலும் சூடாக்கியதுதானே? அப்படியானால் இரண்டும் சேர்ந்தே ஏறும். ஆரோக்கியமானவரின் சீரத்தைப் பாதி சூடாக்கி, பாதி அப்படியே வைத்து, ஒரே பிளேட்டில் ஓட்டுங்கள். அந்த இரண்டு எண்களோடு வாருங்கள், மேலே பேசுவோம். சூடாக்காமலே வழி உண்டு: கரைசலில் செய்யும் சி1க்யூ பைண்டிங் முறையில், பிரித்த சீரத்தில் இடிடிஏ (கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் பொருள்) சேர்ப்பார்கள்.

கேள்வி: அப்படியானால் இடிடிஏ டியூபிலேயே ரத்தம் எடுக்கலாமா?

வேண்டாம். இடிடிஏ ரத்தத்தை உறையவிடாது, கிடைப்பது பிளாஸ்மாதான். மேலே பிளாஸ்மா கேள்வியைப் படியுங்கள்.

கேள்வி: ராஜி செல் முறை (ராஜி எனும் லிம்போசைட் செல்களில் காம்ப்ளெக்ஸ் ஒட்டுகிறதா என்று பார்ப்பது) எப்படி?

நல்ல முறைதான். ஆனால் நோயாளியிடம் லிம்போசைட்டுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தால், காம்ப்ளெக்ஸ் இல்லாமலே பாசிட்டிவ் காட்டும். லூபஸில் கவனம்.

கேள்வி: கிரையோ டியூபை ஐஸ் பெட்டியில் அனுப்பலாமா?

கூடாது. 37 டிகிரி.