ஹார்மோன் சிகிச்சையும் மேமோகிராம் முடிவுகளும்: கேள்வி பதில்

மார்பகக் கதிர்ப்படப் பிரிவில் பணியாற்றும் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி (சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்திலிருந்து, வயது 53): மாதவிடாய் நின்ற பிறகு உடல் கொதிப்பும் தூக்கமின்மையும் தாங்காமல், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டோஜன் என்ற இரு ஹார்மோன்களும் சேர்ந்த கூட்டு மாத்திரையை ஓராண்டாக உட்கொள்கிறேன். இது மேமோகிராம், அதாவது மார்பகக் கதிர்ப்பட முடிவைப் பாதிக்கும் என்பது உண்மையா அக்கா?

பதில்: உண்மைதான், சகோதரி. படத்தில் கொழுப்பு கருமையாகவும், சுரப்பித் திசுவும் நார்த் திசுவும் வெண்மையாகவும் விழும். கட்டியும் வெண்மையாகவே விழும். மாதவிடாய் நின்றபின் சுரப்பித் திசு சுருங்கி, அவ்விடத்தைக் கொழுப்பு நிரப்புவதால் படம் பொதுவாகத் தெளிவடைந்துகொண்டே வரும். கூட்டு மாத்திரை அந்தச் சுருக்கத்தைத் தடுப்பதோடு, பலருக்கு மார்பக அடர்த்தியை, அதாவது வெண்மையாக விழும் திசுவின் பங்கைக் கூட்டவும் செய்கிறது. அடர்ந்த மார்பகத்தில் சிறு கட்டியைத் தேடுவது, பாலில் கிடக்கும் சோற்றுப் பருக்கையைத் தேடுவதைப் போன்றது. இதனால் இருக்கும் கட்டி கண்ணுக்குத் தப்பலாம். இல்லாத கட்டி இருப்பதுபோலவும் தோன்றலாம். அமெரிக்காவில் 16,608 பெண்கள் பங்கேற்ற ‘மகளிர் நல முன்முயற்சி’ ஆய்வில், ஓராண்டு முடிவில் கூட்டு மாத்திரை உட்கொண்டோரில் 9.4 விழுக்காட்டினருக்கும், மருந்தில்லா மாத்திரை உட்கொண்டோரில் 5.4 விழுக்காட்டினருக்கும் படத்தில் இயல்புக்கு மாறான தோற்றம் தென்பட்டது. கூட்டு மாத்திரையை ஆண்டுக்கணக்கில் உட்கொண்டால் புற்றுநோய் அபாயமும் சற்று உயர்வதால், பரிசோதனையைத் தவறவிடாதீர்கள் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: கருப்பை அகற்றப்பட்டதால் ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுக்கிறேன். எனக்கும் இதே நிலையா?

பதில்: அடர்த்தி கூடுவது கூட்டு மாத்திரையைவிட இதில் குறைவு. பிறப்புறுப்பு வறட்சிக்குக் குறைந்த அளவில் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு இரத்தத்தில் மிகச் சிறிதளவே கலப்பதால், படத்தை அது பாதிக்கும் வாய்ப்பும் குறைவு.

கேள்வி (தெம்பனிஸ்): படமெடுப்பதற்கு ஒரு மாதம் முன்பே மாத்திரையை நிறுத்திவிட்டால் படம் தெளிவாகாதா?

பதில்: பலர் இப்படி நினைத்துத் தாமாகவே நிறுத்திவிட்டு வருகிறார்கள். ஓரிரு மாதம் நிறுத்திப் பார்த்த ஆய்வொன்று 2009இல் வெளிவந்தது. அடர்த்தி சிறிதளவு குறைந்ததே தவிர, மறுபரிசோதனைக்கு அழைக்கப்படுவோர் எண்ணிக்கை குறிப்பிடும்படி குறையவில்லை. உடல் கொதிப்பு திரும்பியதுதான் மிச்சம். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். மாறாக, மருந்தின் பெயர், தொடங்கிய மாதம், அண்மையில் நிறுத்தியிருந்தால் அந்தத் தேதி ஆகியவற்றை எழுதி வந்து, படமெடுப்பவரிடம் கொடுங்கள். முந்தைய படங்கள் வேறிடத்தில் எடுக்கப்பட்டிருந்தால் அவற்றையும் கொண்டுவாருங்கள். புதிதாகத் தெரியும் வெண்மை மருந்தினால் இரு மார்பகங்களிலும் பரவலாக வந்ததா, ஓரிடத்தில் மட்டும் தோன்றியதா என்று ஒப்பிட்டுப் பார்க்க அவை பெரிதும் உதவும். அன்று காலை பவுடரும் டியோடரண்டும் வேண்டாம். அவற்றின் துகள்கள் மார்பகத் திசுவில் உண்டாகும் சுண்ணாம்புப் படிவுபோல வெண்புள்ளிகளாகத் தெரியக்கூடும்.

கேள்வி: ஹார்மோன் எடுத்துவரும் என் அம்மாவை மீண்டும் வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. அவர் அழுதுகொண்டே இருக்கிறார்.

பதில்: அவ்வாறு அழைக்கப்படுவோரில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. கூடுதல் கோணங்களில் படமும், அடர்ந்த திசுவை ஆராய அல்ட்ராசவுண்டும் எடுப்பார்கள். கூடவே சென்று, குறித்த நாளிலேயே காட்டிவிடுங்கள்.

கேள்வி: வயது 56. மூன்று மாதங்களுக்கு முன் எடுத்த படத்தில் ஒன்றுமில்லை என்றார்கள். இப்போது கையில் ஏதோ தட்டுப்படுகிறது. அடுத்த படம் வரை காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்கக் கூடாது. 50 வயதைக் கடந்தோருக்கு இங்கே சிங்கப்பூரில் பரிந்துரைக்கப்படும் ஈராண்டுக்கு ஒருமுறைப் பரிசோதனை, அறிகுறி ஏதும் இல்லாதவர்களுக்கானது. இந்த வாரமே பலதுறை மருந்தகத்துக்கோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ சென்று, ஹார்மோன் எடுத்துவந்தால் அதையும் சொல்லி, கையால் சோதிக்கச் சொல்லுங்கள்.