டிவிக்கு முன்னால் ஒரு தாள்

கேள்வி: எங்கள் ஊர் அரசு தொடக்கப் பள்ளியில் 46 பிள்ளைகள், 2 ஆசிரியர்கள். முன்னாள் மாணவர்கள் சேர்ந்து 60,000 ரூபாய் திரட்டியிருக்கிறோம். ஸ்மார்ட் டிவி வாங்கித் தரலாமா, சுவருக்கு வண்ணம் அடிக்கலாமா? சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள் இருக்கும்போது படிப்பு விஷயத்தில் ஊர்க்காரர்கள் தலையிடுவது சரியா?
– வாசகர் ஒருவர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: டிவி வேண்டாம். வண்ணமும் இப்போதைக்கு வேண்டாம். அந்த 46 பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நாலு வரி வாசிக்கத் தெரியும்? பணக் கணக்கை ரூபாய் சுத்தமாக எழுதிய உங்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்கவில்லை.

நம் ஊர்களுக்கு ஒரு பழைய பழக்கம் உண்டு. காமராஜர் ஆட்சியில், நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, 1958இல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. ஊரார் மேசை, நாற்காலி, கடிகாரம் என்று கொண்டுவந்து குவித்தார்கள். உட்காரப் பலகைகூட இல்லாத காலம். அது தேவையாக இருந்தது. இன்று குறை வேறு இடத்தில் இருக்கிறது. நாம் மட்டும் இன்னும் பீரோ கதவிலும் ஃபேன் இறக்கையிலும் 'உபயம்' எழுதிக்கொண்டிருக்கிறோம்.

குறை எங்கே என்று பார்க்க நிபுணர் தேவையில்லை, ஒரு தாள் போதும். கிராமத்துப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் நாடு முழுவதும் அளக்கும் 'அசர்' ஆய்வில், 2005 முதல் வீடு வீடாகப் போய்ச் செய்வது இதைத்தான். தாளில் நான்கு பகுதிகள்: சில எழுத்துகள், சில எளிய சொற்கள், ஒன்றாம் வகுப்பு அளவில் நாலு வரிப் பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு சின்னக் கதை. பிள்ளையைத் தனியே உட்கார வைத்து முதலில் பத்தியைக் கொடுங்கள். சரளமாக வாசித்தால் கதைக்கு ஏறுங்கள். திணறினால் சொல்லுக்கு இறங்குங்கள். அதுவும் முடியாவிட்டால் எழுத்துக்கு. ஒரு பிள்ளைக்கு 5 நிமிடம். இரண்டு பேர் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரத்தில் பள்ளி முழுவதும் முடிந்துவிடும். தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, முடிந்தால் அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பாடநூலை மட்டும் கொடுக்காதீர்கள். படத்தைப் பார்த்ததுமே பாடம் முழுவதையும் ஒப்பிக்கும் பிள்ளைகள் உண்டு. நடுவில் ஒரு சொல்லை விரலால் காட்டிக் கேட்டால்தான் குட்டு வெளிப்படும்.

தமிழில் தடுக்குவது பெரும்பாலும் உயிரெழுத்திலோ அகர வரிசையிலோ அல்ல, உயிர்மெய்க் குறிகளில். 'கொ' என்பதைக் 'கெர' என்று படிப்பார்கள்; துணைக்கால் அவர்கள் கண்ணுக்கு ரகரம். 'கௌ' என்பது 'கெள' ஆகிவிடும். உகர வரிசை இன்னும் மோசம்: கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி. ஒரே குறியைக் கற்றுக்கொண்டு எல்லா எழுத்திலும் ஒட்டவைக்க முடியாது. இங்கே விழுந்த பிள்ளை நாலாம் வகுப்புப் பாடத்தைக் கரும்பலகையிலிருந்து பார்த்து அழகாக எழுதும், ஒரு வரியும் வாசிக்காது. கணக்கில் 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 35 என்று விடை வந்தால், மேலே கீழே பார்க்காமல் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது என்று பொருள். 'கடன் வாங்கு' என்று நூறு முறை சொல்லிப் பயனில்லை. பத்துப் பத்தாகக் கட்டிய தீக்குச்சிக் கட்டுகளைக் கொடுத்து, ஒரு கட்டைப் பிரித்து எடுக்க வைத்தால் இரண்டு மூன்று நாளில் பிடிபடும்.

சோதித்துவிட்டு நின்றால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். 2005-06இல் உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில், பின்னாளில் நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் பங்கேற்ற ஆய்வு ஒன்று நடந்தது. சில ஊர்களில் கூட்டம் போட்டு, பள்ளியைக் கவனிக்க வேண்டிய ஊர்க் கல்விக் குழுவின் உரிமைகளை விளக்கினார்கள். சிலவற்றில் கூடுதலாக, பிள்ளைகளைச் சோதிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டிலும் ஒன்றும் மாறவில்லை. அந்தக் குழு உறுப்பினர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத் தாம் உறுப்பினர் என்பதே தெரிந்திருக்கவில்லை! மூன்றாம் வகை ஊர்களில் உள்ளூர் இளைஞர்களுக்கு வாசிப்பு சொல்லித்தரப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் வகுப்பு எடுத்தார்கள், வந்த பிள்ளைகள் முன்னேறினார்கள். ஆனால் வந்தது நூற்றுக்கு 8 பேர்தான். ஆகவே வகுப்பு பிள்ளைகளின் தெருவிலேயே நடக்க வேண்டும்.

நம்மிடமே சான்று இருக்கிறது. 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் மாதம் 1,000 ரூபாய்க்குத் தன்னார்வலர்கள் மாலையில் சுமார் இருபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கொரோனாவில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மீண்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்பது ஆய்வாளர்கள் கணக்கு. தெருத் திண்ணைக்கு இது பெரிய சாதனை.

தலையிடலாமா என்று கேட்டீர்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21, பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்கிறது. அது தலையீடு அல்ல, உங்கள் வேலை. அந்தக் குழுவின் கூட்டத்தில் கழிப்பறை, சுற்றுச்சுவர், ஆண்டு விழா பேசி முடித்துக் கையெழுத்துப் போடுகிறோம். இனி ஒவ்வொரு கூட்டத்திலும் தீர்மானப் பதிவேட்டில் ஒரு வரி கூடுதலாக எழுதச் சொல்லுங்கள்: எழுத்து நிலையிலிருந்து சொல்லுக்கு இத்தனை பேர், சொல்லிலிருந்து பத்திக்கு இத்தனை பேர். பிள்ளை பெயரும் வேண்டாம், ஆசிரியர் பெயரும் வேண்டாம். ஐந்து வகுப்பை இரண்டு பேர் இழுக்கிறார்கள்; எண்ணைக் காட்டிக் குற்றம் சாட்டினால் மறுநாளே கதவு சாத்தப்படும். நிலை வாரியாகப் பிரித்துச் சொல்லித்தருவது ஆசிரியர்களுக்குப் புதிதும் அல்ல. 2022-23இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று அதைத்தான் செய்கிறார்கள்.

மாலை வகுப்பு கெட்டுப்போவது ஒரே வழியில்தான். இரண்டாம் வாரமே பெற்றோர் வீட்டுப்பாடம் முடித்துத் தரச் சொல்வார்கள். அது டியூஷன் ஆகிவிடும். வாசிக்கத் தெரியாத பிள்ளை பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதிவிட்டுப் போகும். முதல் முக்கால் மணி வாசிப்பு, அடுத்த அரை மணி கணக்கு. வீட்டுப்பாட நோட்டு கடைசியில்தான் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். நாலாம் வகுப்புப் பெண் இரண்டாம் வகுப்புப் பையனோடு ஒரே குழுவில் உட்காரக் கூசுவாள். குழுவுக்கு எண் வைக்காமல் பூப்பெயரோ பறவைப் பெயரோ வையுங்கள். மாதம் ஒரு முறை மறுபடி சோதித்து மேலே ஏற்றுங்கள்.

இனி உங்கள் 60,000. உள்ளூரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த இரண்டு பேருக்கு மாதம் 1,500 வீதம் பத்து மாதம்: 30,000. ஆயிரம் கொடுத்தால் ஜவுளிக் கடை வேலை கிடைத்ததும் போய்விடுவார்கள். ஆயிரத்தைந்நூறும் அதிகம் இல்லை, ஆனால் ஊர்ப் பணத்தில் முடிந்தது அது. சிறுவர் கதைப் புத்தகங்களுக்கு 10,000. ஒரு பக்கத்துக்கு இரண்டு வரிக்கு மேல் இல்லாதவை பாதியாவது இருக்கட்டும். மீதி 20,000 அடுத்த ஆண்டுக்கு வங்கியில் இருக்கட்டும்; தன்னார்வலர் நடுவில் விலகினால் கைகொடுக்கும். புத்தகங்களைப் பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். வகுப்பறையில் கயிறு கட்டி, பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கவிடுங்கள். கிழியும். ஒட்டுவதற்கு ஒரு பசை டப்பாவையும் அதே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.